கீழக்கரையில் வாடகைக்கு விட ஒரு வீடு தேடியபோது

வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களில் பலருக்கும் உள்ள ஆசைதான் எனக்கும்: ஊரில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட வேண்டும். இந்த விடுமுறையில் கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், இராமநாதபுரம் என்று அலைந்து வீடுகள் பார்த்தேன். யாருடைய உதவி பயன்பட்டது, யாருடையது பயன்படவில்லை என்பதை அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தரகர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்படவில்லை. எனக்குக் காட்டிய வீடுகளில் பெரும்பாலானவை புதிதாக வர்ணம் அடித்தவை. மொட்டை மாடிக்குப் போக வேண்டும் என்றால் சாவி இல்லை என்பார்கள். ஒருவர் ஏர்வாடிப் பக்கம் கடலோரப் பனந்தோப்பு ஒன்றைக் காட்டி, "ரிசார்ட் கட்டினால் வாடகை கொட்டும் காக்கா" என்றார் (அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம்). வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவே சட்டம் இடம் தரவில்லை. போதாததற்கு, கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை, கட்டடம் கட்டக் கட்டுப்பாடுகள் உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். இவை தெரியாமல் முன்பணம் கொடுப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

உண்மையான உதவி மச்சான் அழைத்து வந்த வயதான கொத்தனாரிடமிருந்து கிடைத்தது. ஒரு நாள் கூலிதான் கேட்டார். கூடத்தையோ சமையலறையையோ அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கடல் காற்று அடிக்கும் பக்கத்துச் சன்ஷேடுக்கு அடியில் போய் நின்று, சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே நகர்ந்தார். கெட்டியாகக் கேட்ட ஓசை ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. அங்கே மெல்லக் கொத்தினார். புது வர்ணத்தோடு காரை அப்பளம் போல் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. "கம்பி பருத்துவிட்டது தம்பி. இதைப் பூசி மறைக்கலாம், நிறுத்த முடியாது" என்றார். காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. உவர் நீரில் கலவை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். குளியலறையின் மேல்தளம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம், மாடிப்படியின் அடிப்புறம் மூன்றையும் பார்க்காமல் விலை பேசக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்.

அடுத்தது தண்ணீர். குழாயைத் திறந்து ஒரு வாய் ஊற்றிப் பார்த்தாலே ஆழ்துளைக் கிணற்றின் கதை தெரிந்துவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். லாரித் தண்ணீரை நம்பும் வீட்டில் குடியிருப்பவர் நிலைக்க மாட்டார்.

பத்திர விஷயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பது வழக்கம் என்பதால், பல வீடுகள் குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் வழியாகக் கைமாறியவை. சில வீடுகளில் வாய்ப்பேச்சோடு நின்றுவிட்டது. பத்திரம் இன்னும் பாட்டி பெயரிலேயே இருக்கிறது, வாரிசுகள் மலேசியா, சவூதி, சென்னை என்று சிதறிக் கிடக்கிறார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும், விடுபட்ட வாரிசு வர மாட்டார். ஆகவே தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பட்டா ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க வேண்டும். இராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞர் இதைப் பொறுமையாகச் செய்து கொடுத்தார். வக்ஃபு சொத்தா, கோயில் நிலமா என்பதையும் விசாரித்தார். தரகர் அறிமுகப்படுத்தும் வழக்கறிஞரை மட்டும் தவிருங்கள்.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேரும். வாடகையை என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்காக வைக்கும் வங்கிக் கணக்கு) வாங்கலாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் குடியிருப்பவர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஊரில் இதைச் செய்பவர்கள் குறைவு. ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

வாடகைக்கு ஆள் கிடைப்பதைப் பொறுத்தவரை, 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த இராமநாதபுரம் நகரமே எனக்கு மேலாகப் பட்டது. ஆனாலும் மனம் கீழக்கரையில்தான் நின்றது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் குடிவருவார்கள் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. வர்ணம் அடிக்காத ஒரு பழைய வீட்டுக்கு, சன்ஷேடுகளை உடைத்துக் கட்டும் செலவை விலையில் கழித்து, ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். வீட்டில் பங்குள்ள, விற்பவரின் தங்கை கோலாலம்பூரில் இருக்கிறார். அங்குள்ள இந்திய ஹை கமிஷனில் (தூதரகத்தில்) சான்றொப்பம் பெற்ற அவருடைய அதிகாரப் பத்திரம் (பவர் பத்திரம்) இங்கு வந்து, மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்திய பிறகுதான் மீதிப் பணம் கொடுப்பதாகப் பேச்சு.