பூட்டுக் கடைக்காரன் பார்த்த பெண்கள் விடுதி

திண்டுக்கல் நாகல் நகரில் என் அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறை இருந்தது. நான் வைத்திருப்பது பூட்டும் ஹார்டுவேர் சாமானும் விற்கும் கடை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் உத்தரப் பிரதேசத்து அலிகாரிலிருந்து வரும் பூட்டுகளோடு விலையில் மல்லுக்கட்ட முடியாமல் பட்டறைகள் மூடிக்கொண்டே வருகின்றன. அது வேறு கதை. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் என் கண் முதலில் கதவைத்தான் பார்க்கும் என்பதற்காகச் சொன்னேன். மகளைச் சேர்த்த கல்லூரி விடுதியிலும் அப்படித்தான் ஆயிற்று.

கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. பெயர் போடவில்லை, பாப்பா இன்னும் இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தாக வேண்டும். விடுதிக்குச் சாப்பாட்டோடு வருஷத்துக்கு 95,000 ரூபாய். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். அதில் ஒன்று, இரவில் கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளி அம்மாவுக்கு மட்டும். முந்நூறு பிள்ளைகளில் யார் எந்த அறை, யாருக்கு யார் அண்ணன் என்று அந்த அம்மாவுக்கு மனப்பாடம்.

முன் கேட்டில் கெடுபிடிக்குக் குறைவில்லை. முதல் தடவை போனபோது ஆதார் கேட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், பாப்பாவுக்கு போன் போட்டு உறுதி செய்தார்கள். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. நான் கோபப்படவில்லை, பெற்றவனுக்கு அது நிம்மதிதான். ஒரே குறை, வருகைப் பதிவு நோட்டு. அதில் பிள்ளைகளின் பெயர், அறை எண், போன் நம்பர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கையெழுத்துப் போட வருகிற யாரும் பக்கத்தைப் புரட்டலாம்.

அடுத்த மாதம் இரவு பஸ்ஸில் கிளம்பிப் போனேன். விடியற்காலை ஐந்து மணி. கேட் திறக்க நேரமிருக்கிறதே என்று டீ குடித்துவிட்டு, மதில் ஓரமாகச் சும்மா நடந்தேன். பின்பக்கம் மெஸ்ஸுக்குக் காய்கறி வண்டி வரும் கேட் ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லை. உள்ளே போனேன். சமையல்கட்டைத் தாண்டி, துணி துவைக்கும் இடம் வரை வந்துவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்காதான் நிமிர்ந்து பார்த்து, "யாருங்க, வாழைத்தார் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. திரும்பி நடந்துவிட்டேன். முன்பக்கம் எட்டடி மதில். இங்கே அதே மதிலை ஒட்டிக் காலி கேஸ் சிலிண்டர்களைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். மாணவர் தங்கும் இடத்தின் மதில் எளிதில் ஏற முடியாதபடி இருக்க வேண்டும், நுழைவாயில்கள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது, எல்லாவற்றிலும் காவல் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இங்கே இருப்பதே இரண்டு வாயில்கள்தான்.

அறைக் கதவு என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கதவு நல்ல கனம். ஆனால் ஆல்ட்ராப்பை, அதாவது வெளிப்பக்கம் பூட்டு மாட்டும் நீளத் தாழ்ப்பாளை, மர ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கிறார்கள், ஸ்க்ரூ தலையெல்லாம் வெளியே தெரிகிறது. அதில் ஏழு லீவர் போட்ட உறுதியான பூட்டைத் தொங்கவிட்டாலும் பலன் இல்லை. பூட்டைத் தொடவே வேண்டாம், ஐம்பது ரூபாய் ஸ்க்ரூ டிரைவர் போதும். கதவில் துளை போட்டு, போல்ட்டை உள்ளே விட்டு, உள்பக்கம் நட்டு முடுக்க வேண்டும். ஒரு கதவுக்குப் பதினைந்து நிமிஷ வேலை. வார்டன் மேடத்திடம் அனுமதி வாங்கி பாப்பா அறைக்கு நானே செய்து கொடுத்தேன். பக்கத்து அறைப் பிள்ளைகள் "அங்கிள், எங்களுக்கும்" என்று வந்து நின்றார்கள். பையில் இருந்த போல்ட் ஆறு கதவுக்குத்தான் வந்தது.

கீழே வரவேற்பறைக் கண்ணாடிக் கதவில் காந்தப் பூட்டு, விரல் வைத்தால் திறக்கும். அந்த வகைப் பூட்டு கரண்ட் இருக்கும் வரைதான் பிடிக்கும்; கரண்ட் போனால் விட்டுவிடும். தீப்பிடித்தால் உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றே அப்படிச் செய்கிறார்கள். சும்மா கரண்ட் போகும் நேரத்தில் கதவு விட்டுவிடாமல் இருக்கத்தான் பேட்டரி வைப்பது. இங்கே பேட்டரி செத்துப் போய் எத்தனை நாளோ. நான் நிற்கும்போதே கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடும் வரை காவலாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சரி, என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதெல்லாம் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் பின்பக்கம் ஒரு அவசரப் படிக்கட்டு இருக்கிறது. அதன் இரும்புக் கிரில்லில் பெரிய பூட்டு. சாவி கீழே வார்டன் அறையில். கேட்டால், "சார், ராத்திரி பிள்ளைங்க அந்த வழியா வெளியே போயிடக் கூடாதுன்னு பேரண்ட்ஸ் மீட்டிங்ல நீங்கள்லாம்தானே கேட்டீங்க" என்றார் மேடம். பொய் இல்லை. அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் அன்றே இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஒன்றரை மணி நேரம். செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்குக் கடையைத் திறந்து வியாபாரம் பார்த்தவன்தான் நான்.

இதற்கு வழி இருக்கிறது. பேனிக் பார் என்று ஒரு சாமான். கதவுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு தண்டு. இடுப்பால் இடித்தால்கூடத் திறந்துகொள்ளும், வெளியிலிருந்து திறக்க வராது. அலாரம் சேர்த்துவிட்டால் யார் திறந்தாலும் கீழே தெரிந்துவிடும். பிள்ளைகள் வெளியே போகிறார்களோ என்ற பயத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. நான் விற்பதில்லை, எனக்குக் கமிஷனும் இல்லை. விலையோடு எழுதி கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் சில வேலைகள் நடந்தன, அதையும் சொல்ல வேண்டும். மெஸ் கேட்டில் ஆள் போட்டுவிட்டார்கள், சிலிண்டர் இடம் மாறிவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் புது பேட்டரி. ஆல்ட்ராப் எல்லாம் செமஸ்டர் விடுமுறையில் மாற்றுவதாகச் சொல்கிறார்கள். அவசரப் படிக்கட்டுக்கு மட்டும் பேனிக் பார் வரவில்லை. பூட்டு அப்படியே இருக்கிறது. பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்ட சிவப்புப் பெட்டி மாட்டி, உள்ளே ஒரு சாவி தொங்கவிட்டிருக்கிறார்கள். உடைத்து எடுத்துத் திறக்க வேண்டுமாம். புகையில், இருட்டில்.

போன வியாழக்கிழமை பாப்பா போன் பண்ணினாள். பெட்டி மூடியைச் சுத்தம் செய்யத் திறந்தபோது அவளும் சிநேகிதியும் சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தார்களாம். பாதிதான் நுழைந்ததாம். "அப்பா, இது வேற பூட்டோட சாவிப்பா" என்றாள். பூட்டில் என்ன நம்பர் அடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.