பெட்டியில் 5.1, காதில் வெறும் 2: ஹோம் தியேட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போச்சு. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு. '5.1 ஹோம் தியேட்டர், எல்லாம் ஒரே பெட்டியில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு சாமானில் அதைக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும், அடித்தொண்டைச் சத்தத்துக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனிச் சத்தம் வர வேண்டும்; அந்தத் தனிச் சத்தம் ஒவ்வொன்றும் ஒரு சேனல். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுத மாட்டேன். குறைந்த பட்ஜெட்டில் இந்த மாதிரி செட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

கடைப் பெயர் வேண்டாம். பல கிளைகள் உள்ள பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம், அவ்வளவுதான். 'பெரிய இடம், பில் போட்டுத் தருவார்கள், நாளைக்கு ஒன்று என்றால் கேட்கலாம்' என்றுதான் அங்கே போனேன்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "டிவியில் ஓடிடியில்தான் படம் பார்ப்போம். அதில் வரும் டால்பி 5.1 இந்த ஐந்து ஸ்பீக்கரிலும் தனித்தனியாக வருமா?" விற்பனையாளர் யோசிக்கக்கூட இல்லை. பெட்டியைத் திருப்பி, 5.1 என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து, "சார், இதுக்குப் பேரே அதானே? ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இருக்கு பாருங்க, ஒரே கேபிள், டிவியில சொருகினா முடிஞ்சுது. எங்க வீட்லயே இதான் போட்டிருக்கேன். அப்பா ராத்திரி ஆனா ரிமோட்டைக் கீழ வைக்க மாட்டேங்கிறாரு" என்றார். அந்த அப்பாவைச் சொன்னாரே, அங்கேதான் என் மனசு இளகிவிட்டது. சொந்த அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்ததை நமக்கும் கொடுக்கிறார், இதற்கு மேல் என்ன கேட்பது?

அப்புறம் டெமோ. இருட்டறை, சோபா, திரையில் ஹெலிகாப்டர். வால்யூமை ஏற்றினார், உட்கார்ந்திருந்த சோபாவே அதிர்ந்தது. சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு அது 'நல்ல' சத்தமாகத்தான் தெரியும். விற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. அன்று ஓடியது இந்த செட்தானா என்பதிலேயே இப்போது எனக்குச் சந்தேகம். பக்கத்தில் இன்னும் சில செட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விளக்கு எரிந்தது என்னவோ இந்தப் பெட்டியில்தான்.

வீட்டுக்கு வந்து சுவரில் ஓட்டை போட்டு, பின்னால் இரண்டு ஸ்பீக்கரை மாட்டி, வயரை எல்லாம் மறைத்துக் கட்டிவிட்டு ஆன் செய்தேன். டிவி செட்டிங்கில் ஆடியோவை டால்பி டிஜிட்டல் (சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) என்று வைத்தால் செட் ஊமை. பிசிஎம் (சுருக்காமல் அனுப்பும் முறை) என்று மாற்றினால் சத்தம் வருகிறது. சரி, வருகிறதே என்று படத்தைப் போட்டோம். எதிரே நிற்கும் ஆள் பேசும் வசனம் என் பின்மண்டையிலும் கேட்கிறது! எழுந்து போய்ப் பின்னால் மாட்டிய ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். முன்னால் வரும் அதே வசனம், அதே பாட்டு, கொஞ்சம் மெதுவாக. அவ்வளவுதான் அங்கே.

சேனல் டெஸ்ட் வீடியோ என்று ஒன்று இருக்கிறது. 'முன் இடது', 'சென்டர்', 'பின் வலது' என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பெயர் சொல்லும். அதைப் போட்டுப் பார்த்தேன். 'பின் இடது' என்ற குரல் இடது பக்கம் முன்னும் பின்னும் சேர்ந்து கேட்டது. 'சென்டர்' என்றது ஐந்திலும் வந்தது. அதாவது உள்ளே நுழைவது இரண்டே சேனல். அதை ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது இந்தப் பெட்டி.

காரணம் இதுதான். ஏஆர்சி என்பது டிவியின் சத்தத்தை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ஹோம் தியேட்டருக்கு அனுப்பும் வசதி, 2009இல் ஹெச்டிஎம்ஐ 1.4உடன் வந்தது. அதன் வழியாக பிசிஎம் ஆக அனுப்பினால் இரண்டு சேனல்தான் போகும். 5.1 போக வேண்டும் என்றால் டால்பி டிஜிட்டல் மாதிரி சுருக்கித்தான் அனுப்ப வேண்டும், அதைப் பிரித்தெடுக்கும் டிகோடர் ஹோம் தியேட்டருக்குள் இருக்க வேண்டும். பல சேனல் பிசிஎம்மை அப்படியே அனுப்புவது 2017இல் ஹெச்டிஎம்ஐ 2.1இல் வந்த இஏஆர்சிதான். அது இந்த செட்டில் கிடையாது, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் டிகோடர்? அதுவே இல்லை. ஸ்பீக்கர் ஐந்து, சப்வூஃபர் ஒன்று என்று எண்ணிப் பார்த்து 5.1 என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு இரண்டு சேனல்.

பெட்டி மேல் '1000 வாட்ஸ்' என்றும் இருக்கிறது. மெயின் யூனிட்டான சப்வூஃபரின் பின்பக்கம், பவர் கார்டு நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், நகம் அளவு ஸ்டிக்கர் ஒன்று. டார்ச் அடித்துத்தான் படிக்க முடிந்தது. மின் நுகர்வு 60 வாட்ஸ்! அறுபதை வாங்கிக்கொண்டு ஆயிரத்தை எப்படி வெளியே தள்ளும்? பிஎம்பிஓ என்று ஒரு கணக்கு, எந்த ஒழுங்கான அளவீட்டிலும் சேராதது, வாயில் வந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

உடனே கடைக்கு போன் செய்தேன். அதே விற்பனையாளர், ஆனால் குரல் வேறு. "டிவி செட்டிங் சார், மாத்திப் பாருங்க." மாற்றிப் பார்த்தாயிற்று என்றேன். "அப்போ கேபிள் பிரச்சினையா இருக்கும், நல்ல கேபிளா வாங்குங்க." அதையும் தனிக் காசு கொடுத்து வாங்கினேன். மறுபடி கூப்பிட்டால் அவர் லீவு. நேரில் போனேன். மேனேஜர் நாற்காலியை விட்டு எழவில்லை. "சத்தம் வருதில்ல சார்? சத்தம் வந்தா ஒர்க் ஆகுதுன்னு அர்த்தம். பெட்டியைப் பிரிச்ச பிறகு நாங்க எடுக்க மாட்டோம், கம்பெனியைக் கேளுங்க." கம்பெனி எண்ணுக்கு அடித்தால் அது கடைக்காரர் சொன்ன வார்த்தைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்கிறது. விற்பனையாளர் ஓரமாக நின்று இன்னொருவருக்கு அதே பெட்டியைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா கதையும் வந்திருக்கும், காதில் விழவில்லை.

கடைசியில் சர்வீஸ் ஆள் வந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "இந்த மாடலே இப்படித்தான் சார், இதுல ரிப்பேர் பண்ண ஒண்ணுமில்ல" என்றார். சரி, ஸ்பீக்கரையாவது காப்பாற்றலாம், பிறகு டிகோடரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டியான ஏவி ரிசீவர் ஒன்றைத் தனியாக வாங்கி இதோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வயர் முனையைப் பிடுங்கிக் காட்டினார். சாதாரணமாக உரித்துச் சொருகும் வயர் இல்லை, இந்த செட்டுக்கென்றே செய்த பிளாஸ்டிக் பிளக். அதை வெட்டி எறிந்தாலும் ஸ்பீக்கரின் மின்தடை 3 ஓம், பெரும்பாலான ரிசீவர்கள் கேட்பதோ 6 அல்லது 8. ஆம்ப்ளிஃபயர் சப்வூஃபருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது போனால் ஆறு உருப்படியும் ஒரேயடியாகக் குப்பை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லா ஆல் இன் ஒன் செட்டும் மோசம் இல்லை. இதே விலைக்கு உண்மையான டிகோடரோடு வருவதும் இருக்கிறது. என் கோபமே, கேள்வி கேட்டும் பொய்யைச் சொல்லி விற்றதில்தான். "டிவி சத்தமே தெளிவாத்தானே இருந்துச்சு" என்கிறார் அம்மா. ஒரு மாதச் சம்பளம் கொடுத்த பிறகு இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன் இல்லையா, இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. 5.1 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், டால்பி டிஜிட்டல் டிகோடர் இருப்பதாக ஸ்பெக் பட்டியலில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ் என்றால் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) எவ்வளவு, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (சத்தம் சிதைவதில்) என்று கேளுங்கள். 10 சதவீதத்தில் அளந்த எண்ணை நம்ப வேண்டாம். பின்பக்க ஸ்டிக்கரைக் கடையிலேயே படியுங்கள். ஹெச்டிஎம்ஐ என்று சொன்னால் எது உள்ளே, எது வெளியே, ஏஆர்சி எதில் என்று காட்டச் சொல்லுங்கள். பழைய டிவிடி வகை செட்டுகள் பலவற்றில் படம் வெளியே போகும் துளை மட்டும் இருக்கும். டெமோவை ப்ளூடூத்தில் கேட்காதீர்கள், அதில் போவது பொதுவாக ஸ்டீரியோ, அதாவது இரண்டு சேனல்தான். சேனல் டெஸ்ட் வீடியோவை டிவியிலிருந்தே போடச் சொல்லி, பின்னால் போய் நின்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பின் ஸ்பீக்கரை வயர்லெஸ் ரியர் என்பார்கள், அதற்கும் பெரும்பாலும் தனியாக பிளக் பாயின்ட் வேண்டும். வாயால் சொன்னதை பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். விற்பனையாளர் எனக்கு வாயால் சொன்னதெல்லாம் மேனேஜர் மேஜையில் செல்லாக்காசாகிவிட்டது. எழுதித் தர மாட்டேன் என்றால் அந்த செட் வேண்டாம், அடுத்த கடை.