கிறைண்டர்காரர் போடும் காது மூடியை வீட்டில் போட்டுப் பார்த்தேன்

மட்டக்களப்பு டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வாங்கினது. இரும்பு வெட்டுகிறவர்கள் தலையில் மாட்டுவார்களே, அந்த மஞ்சள் நிறக் காது மூடிதான். கடைத் தம்பி "அவருக்கா அக்கா?" என்று கேட்டார், ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன், முழுக்கதையும் அங்கே நின்று சொல்ல ஏலுமா?

கதை இதுதான். எனக்கு ஓட்டிசம், அதாவது ஆட்களோடு பழகுவதும் சத்தம் வெளிச்சத்தை உணர்வதும் பிறப்பிலேயே வேறு மாதிரி இருக்கிற தன்மை, என்று தெரிந்தது முப்பது தாண்டித்தான். அது சின்னப் பிள்ளைகளுக்கு, அதுவும் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் எங்கள் பக்கம் நினைப்பு. படித்தவர்களும் கனகாலம் அப்படித்தான் இருந்தார்கள்: 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் ஓட்டிசம் பற்றி எழுதிய முதல் 11 பிள்ளைகளில் பெண்கள் 3 பேர், அடுத்த வருடம் ஹான்ஸ் அஸ்பெர்கர் என்ற மருத்துவர் விவரித்த 4 பேரும் பையன்கள். அப்படித் தொடங்கிய அளவுகோலில், சிரிக்க வேண்டிய இடத்தை மற்றவர்களைப் பார்த்துப் பழகிச் சிரிக்கிற ஒருத்தி எப்படி அகப்படுவாள்? சத்தமும் வெளிச்சமும் தாங்க ஏலாமல் போவதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஓட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்ததே 2013இல்தான். வீட்டுத் தீர்ப்போ எப்பவும் ஒன்றுதான், செல்லம் கொடுத்துக் கெடுத்தது.

சரி, சாமானுக்கு வருவோம். கூரான சத்தங்களை நன்றாக வெட்டுகிறது. மிக்ஸி, குக்கர் விசில், கல்முனை ரோட்டில் பஸ்காரர் அடிக்கும் ஹோர்ன், காலையில் பாண் ஆட்டோவின் அந்த ஒரே பாட்டு, எல்லாம் பக்கத்து வளவுக்குப் போய்விடும். ஆட்கள் பேசுவது மங்கலாகக் கேட்கும். அம்மா கூப்பிட்டால் கேட்கும், கேட்கவில்லை என்று சொல்லவும் வசதி. ஆனால் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நேரம் பெரிய பொக்ஸ் கட்டிப் பாட்டுப் போடுவார்களே, அந்த பேஸ் அடிக்கு இது காணாது, தாழ்ந்த சத்தத்தைக் காது மூடிகள் குறைவாகத்தான் தடுக்கும், மிச்சம் நெஞ்சுக்குள்ளாலேயே வரும். காதுக்குள்ளே பஞ்சு அடைப்பானும் (பருத்தி இல்லை, கடையில் விற்கும் ஸ்பொஞ்ச் மாதிரியானது) போட்டு மேலே இதையும் மாட்டினால் கொஞ்சம் சுகம். எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று இரண்டிலும் எழுதியிருக்கிற டெசிபெல்லைக் கூட்டிப் பார்த்துச் சந்தோசப்பட வேண்டாம், பெரியதோடு ஏறக்குறைய 5 தான் கூடும்.

குறை என்றால் முதலில் வியர்வை. பங்குனி சித்திரை வெயிலில் அந்த றெக்சின் மெத்தை கன்னத்தில் ஒட்டி, கழற்றும்போது தோலோடு வருகிற மாதிரி இருக்கும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காம்பு இருக்கிற இடத்தில் இடைவெளி விழும், அதுக்குள்ளால் சத்தம் வரும். காத்தான்குடித் தோழி ஒருத்தி தலைத்துணிக்கு மேலே போட்டுப் பார்த்தாள், துணி இடையில் வந்தால் மூடி இறுகாது, அவளுக்குப் பஞ்சுதான் சரி. கொண்டை போடுகிறவர்கள் பின்கழுத்தால் போகும் பட்டை உள்ளதைக் கேளுங்கள்.

கலியாண வீட்டுக்கு இதை மாட்டிக்கொண்டு போக எனக்கு இன்னும் துணிவில்லை. அங்கே ஜெனரேட்டர், வீடியோ லைட், "எப்ப பிள்ள நல்ல செய்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடாத மாமிமார், இத்தனைக்கும் முகத்தைச் சரியாக வைத்திருந்துவிட்டு வந்தால் அடுத்த நாள் முழுக்க அறைக்குள்தான். ஆகவே அங்கே முடிக்குள் மறையும் பஞ்சு, சமையலறையிலும் கணக்கு வேலை மேசையிலும் இது. பின்னேரம் தலையிடி இல்லாமல் ஒரு பிளேன்ரீ குடிக்க முடிகிறது என்றால் அதுக்கே காசு சரி.

நாள் முழுக்கப் போடாதீர்கள். அமைதியான இடத்திலும் மாட்டியே பழகினால் காது இன்னும் கூசத் தொடங்கும். ஸ்கூட்டியில் போகும்போது வேண்டவே வேண்டாம். வாங்கும்போது கண்ணாடியோடேயே மாட்டி, கடைக்காரரை ஏதாவது வெட்டும் மெஷினை ஓடவிடச் சொல்லிப் பாருங்கள். கறுப்பு இருந்தால் கறுப்பை எடுங்கள், நான் போனபோது மஞ்சள் மட்டும்தான் இருந்தது.