ஸ்கீன்ஸா மெரிலா? ஆப்ல பாத்துட்டு சொல்றேன்

2024 சீசனுக்கு ஒரு பேஸ்பால் ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு காசு கட்டினேன், மெயினா அந்த ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுக வீரர் விருது) சண்டைக்காகத்தான். பிட்ஸ்பர்க் டீம் பிட்சர் (பந்து வீசறவர்) பால் ஸ்கீன்ஸ் 100 மைல் வேகத்துல போடற பந்த ஸ்லோ மோஷன்ல பாக்கவே குடுத்த காசு சரியாப் போச்சு, 1.96 ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு சராசரியா விட்ட ரன், கம்மியா இருந்தா நல்லது), 23 மேட்ச்ல 170 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் போட்டு அவுட் ஆக்கறது), மனுஷனா அவன்? ஆனா என் ஓட்டு சான் டியாகோ டீம் ஜாக்சன் மெரிலுக்குத்தான், ஷார்ட்ஸ்டாப்பா (2வது, 3வது பேஸுக்கு நடுவுல நிக்கற ஃபீல்டர்) வளந்த பையன் தூரத்துல நடுவுல நிக்கற சென்டர் ஃபீல்டுக்கு மாறி 156 மேட்ச் ஆடி 24 ஹோம் ரன் அடிச்சிருக்கான், ஸ்கீன்ஸ் சீசன் ஆரம்பிச்சப்புறம் மே மாசம்தானே வந்தான். கடைசில விருதுக்கு ஓட்டு போடற பத்திரிகையாளர்களோட 30 முதலிட ஓட்டுல 23 ஸ்கீன்ஸுக்கு போச்சு, சரி விடுங்க. ஆப்ல கடுப்பு என்னன்னா லோக்கல் டீம் மேட்ச் லைவ்ல வராது, பிளாக்அவுட்டாம். முழு மேட்சையும் அப்புறமா பாக்கலாம், அதுக்காக 4 ஸ்டார்.