கதைப் பகடை: ஒன்பதில் மூன்று போதும்

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறுங்கதை எழுதச் சொல்லித்தருவது என் வேலைகளில் ஒன்று. சிறுகதையைவிடவும் பொடிசு, நோட்டில் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாத கதை. அதற்குத் தோதாக இருக்கும் என்று பலரும் சொன்னதால் வாங்கியதுதான் இந்தக் கதைப் பகடைப் பெட்டி. ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் ஒன்பது பகடைகள். எண்களுக்குப் பதிலாக முகத்துக்கு ஒரு படம், ஆக மொத்தம் 54. போட்டுவைக்க ஒரு சுருக்குப் பை, ஆசிரியருக்கு ஒரு சின்னக் கையேடு. இதே அமைப்பில் பலர் விற்கிறார்கள், அதனால் யாருடைய பெட்டி என்பதை விட்டுவிடுகிறேன். அட்டையில் 'ஒரு கோடிக்கும் மேற்பட்ட கதைகள்' என்று போட்டிருக்கிறார்கள். கணக்கு சரிதான். ஒன்பதையும் சேர்த்து உருட்டினால் 1,00,77,696 விதமாக விழலாம். கதை விழுமா என்பது வேறு கேள்வி.

ஒன்பதையும் உருட்டி ஒரு கதை எழுது என்கிறது கையேடு. அப்படிச் செய்தால் என்ன வரும் தெரியுமா? 'ஆமை ஒன்று பாலத்தைக் கடந்தது. அப்புறம் விமானம் வந்தது. அப்புறம் கீழே ஒரு சாவி கிடந்தது. அப்புறம்...' வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்கியம். ஒன்பதாவது படம் வந்ததும் கதையை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. உடனே கதாநாயகன் திடுக்கிட்டு விழித்துவிடுவான், எல்லாம் கனவு. ஒரே நாளில் பாதி வகுப்பு கனவு கண்டு எழுந்தால் ஆசிரியருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கனவு முடிவுக்கு என் வகுப்பில் இப்போது தடை. 'ஆகவே நண்பர்களே' வகை நீதிக்கும் தடை.

மூன்று பகடை போதும். ஒன்பதில் எந்த மூன்றையாவது எடுத்து உருட்டினாலே 18,144 விதம் கிடைக்கிறது. ஓர் ஆசிரியரின் பணிக்காலத்துக்கு அது தாங்கும். மூன்று படம் என்றால் பிள்ளைகள் அவற்றை வரிசையாக அடுக்குவதில்லை. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். கதை பிறப்பது அந்த இடத்தில்தான்.

ஒரு மாணவிக்கு விழுந்தவை பூட்டு, நிலா, டார்ச். முதல் வரைவு முக்கால் பக்கம். முழுநிலா வெளிச்சம், தூரத்தில் நாய் குரைக்கும் சத்தம், திருடனின் வறுமை, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் வந்த பிறகுதான் அவன் பூட்டில் கை வைத்தான். உள்ளே இன்னொருவன் இருந்தான். அந்த வீட்டுக்காரர் ஊரெல்லாம் கடன் வாங்கியவர், கொடுத்தவன் ஒருவன் பொறுமையிழந்து உள்ளே புகுந்துவிட்டான் என்ற விளக்கம், கடைசியில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று ஒரு வரி. 'கதை எந்த வரியில் ஆரம்பிக்கிறது? அதற்கு மேலே உள்ளதை அடி. எந்த வரியில் முடிந்துவிட்டது? அதற்குக் கீழே உள்ளதையும் அடி' என்று மட்டும்தான் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தது இது:

'பூட்டை உடைத்து உள்ளே போனான். ஏற்கனவே ஒருவன் டார்ச் அடித்துப் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தான். தலையைத் திருப்பாமலே கேட்டான்: "உங்களுக்கு எவ்வளவு தரணும்?"'

பதினாறே சொல். கடன் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை, ஆனாலும் வகுப்பு சிரித்தது. ஒரு பையன் மட்டும் 'புரியலை' என்றான். பக்கத்தில் இருந்தவன் விளக்க, அவன் மூன்று நொடி தாமதமாகச் சிரித்தான். அந்தத் தாமதம் குறுங்கதைக்கு நல்லது என்பது என் கட்சி.

இதில் நிலா எங்கே என்று கேட்பீர்கள். அடிபட்டுப் போய்விட்டது. கையேட்டின்படி இது தப்பு. விழுந்த படங்கள் எல்லாம் கதையில் வந்தாக வேண்டும், விட்டால் மதிப்பெண் குறையும் என்று அதில் ஓர் அட்டவணையே போட்டிருக்கிறார்கள். இந்தப் பெட்டியோடு எனக்குள்ள பெரிய சண்டை இதுதான். நிலா இல்லாவிட்டால் அவள் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டாள், ராத்திரியும் திருடனும் அதிலிருந்துதான் வந்தன. வந்த வேலை முடிந்ததும் நிலா போகட்டுமே! பிடித்துவைத்து மதிப்பெண் போடுவானேன்? குறுங்கதை எழுதுகிறவன் முதலில் பழக வேண்டியது விடுவதை. அதைத் தண்டிக்கிற அட்டவணையை வைத்துக்கொண்டு அதைச் சொல்லித்தர முடியாது.

சொல் வரம்பு பற்றிக் கையேடு சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 100 சொல் என்கிறது. ஆங்கிலத்தில் சரியாக 100 சொல்லில் எழுதும் டிராபிள் என்ற வடிவம் 1980-களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக அறிவியல் புனைகதை வட்டத்திலிருந்து பரவியது. 55 சொல் கதையோ 1987-ல் கலிஃபோர்னியாவின் நியூ டைம்ஸ் வாரப் பத்திரிகை நடத்திய போட்டியில் தொடங்கியது. இரண்டும் ஆங்கிலச் சொல்லை எண்ணிப் போட்ட அளவு. 'குடைந்துகொண்டிருந்தான்' நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு மூன்றாவது நான்காவது வேண்டும். அதனால் தமிழில் 100 சொல் என்பது தாராளமான இடம், தொப்பை போட்டுவிடும். நான் 40 வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் பிள்ளைகள் இரண்டு சொல்லை ஒட்டி ஒன்றாக எழுதி ஏமாற்றப் பார்ப்பார்கள். சந்தி இலக்கணத்தில் அவ்வளவு ஆர்வத்தை நான் வேறு எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

படங்கள் பெரும்பாலும் தெளிவு. ஒன்றே ஒன்று தேனீயா ஹெலிகாப்டரா என்று இன்றுவரை தீரவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அந்தப் பகடைக்குத்தான் போட்டி. பகடைகள் நல்ல கனம், ஓரம் மழுங்கவில்லை. மரமேஜையில் உருட்டினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போடும், ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. வேண்டாத படத்தை விரலால் தள்ளி ஒதுக்குகிற சுகம் அதில் இல்லை.

ஒரு பெட்டியை மூன்று குழுவுக்குப் பங்கிடலாம். வகுப்பு பெரிது என்றால் ஒரே முறை உருட்டி மூன்று படத்தையும் கரும்பலகையில் வரைந்துவிடுங்கள். ஒரே படத்திலிருந்து எத்தனை கதை வருகிறது என்று அவர்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். குறைத்த ஒன்றரையும் கையேட்டுக்கு. இன்னொரு விஷயம்: பெரும்பாலான பெட்டிகளில் பொருள்களின் படமே இருக்கும். ஓடுவது, ஒளிவது, தட்டுவது என்று செயல்களை வரைந்த பெட்டியும் தனியாக வருகிறது. கையில் இரண்டும் இருந்தால் பொருள் இரண்டு, செயல் ஒன்று என்று கலந்து உருட்டுங்கள். ஒரே பெட்டிதான் வாங்க முடியும் என்றால் பொருள் பெட்டியையே வாங்குங்கள், செயலைப் பிள்ளைகள் தாங்களே கொண்டுவந்துவிடுவார்கள்.