புகுந்த நாட்டில் யாரோடு சேர்வது? டோர்ட்முண்டிலிருந்து ஓர் ஒப்பீடு

நம் ஊரில் கல்யாணம் ஆனால் புகுந்த வீடு. எனக்கு வாய்த்தது புகுந்த நாடு. கணவர் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் பிறந்து வளர்ந்தவர், நான் திருச்சிப் பெண். நான் இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு எல்லாமே இருந்தது. அம்மா இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூட நண்பர்கள் அதே ஊரில், பல் டாக்டர்கூடச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆள். எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான். கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், மாமியாரின் தோழிகள் என்று யாரைத் தெரிந்தாலும் அவர் வழியாகத்தான் தெரியும். அவர்களுக்கும் நான் "அவருடைய இந்திய மனைவி", அவ்வளவுதான்.

வெளிநாட்டில் நம்மவர்களைத் தேடுவது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்காகக் குடும்பத்தோடு வந்தவர்களை மனதில் வைத்தே பேசுகிறார்கள். வேலைக்கு வந்த தம்பதிக்கு இருவருக்குமே ஊர் புதிது, சேர்ந்து தடுமாறுவார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் தடுமாறுவது ஒருவர் மட்டும். அதனால் எந்தக் கூட்டத்தையும் நான் இரண்டு கேள்விகளை வைத்தே எடைபோடுகிறேன். ஐந்து வருஷம் கழித்தும் இவர்கள் இங்கே இருப்பார்களா? கணவர் பக்கத்தில் இல்லாதபோதும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா?

முதலில் கிடைத்தது தமிழ்நாட்டிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் குழு. முதல் மூன்று மாதம் என்னைத் தாங்கியவர்கள் இவர்கள்தான், அதை மறக்க மாட்டேன். எந்தக் கடை உளுந்து நன்றாகப் பொங்கும், இங்கிலீஷ் பேசும் டாக்டர் எங்கே, சென்னையிலிருந்து வருகிறவர் பெட்டியில் குக்கர் கேஸ்கட்டுக்கு இடம் இருக்குமா, எதைக் கேட்டாலும் ஐந்து நிமிஷத்தில் பதில் வரும். பொங்கலுக்கு ஒரு ஹால் எடுத்துக் கூடினோம். அங்கே ஒரு பெண் கேட்டார்: "உங்க ஹஸ்பண்ட் எந்த கம்பெனி? எப்ப திரும்பிப் போறீங்க?" திரும்பிப் போவதில்லை என்றேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சட்டமே எங்களை வேறு வேறு வாசல் வழியாகத்தான் உள்ளே விடுகிறது. நல்ல சம்பளத்தில் நிபுணர் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தரும் புளூ கார்டில் வந்தவரின் மனைவிக்கு விசா எடுக்க ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜெர்மானியரைக் கட்டிக்கொண்ட நான் ஜெர்மன் சொல்லித்தரும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஏ-1 என்ற ஆரம்பநிலைத் தேர்வு எழுதிவிட்டுத்தான் விசாவுக்கே போக முடிந்தது. புளூ கார்டுக்காரர் இப்போது 27 மாதத்தில், மொழி பி-1 என்ற இடைநிலை அளவுக்கு வந்துவிட்டால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை வாங்கலாம். எனக்கு மூன்று வருஷம். ஆனாலும் அவர்கள் பேச்சில் புராஜெக்ட், டிரான்ஸ்ஃபர், ஊரில் வாங்கிப்போட்ட ஃபிளாட் என்றே ஓடும். நெருங்கிப் பழகிய நாலு குடும்பத்தில் இரண்டு வருஷத்துக்குள் மூன்று கிளம்பிவிட்டன. ஒன்று நெதர்லாந்துக்கு, இரண்டு சென்னைக்கு. கிளம்பும்போது ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கறிவேப்பிலைத் தொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. மூன்றாவது தொட்டியைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்த அன்று ராத்திரி அழுதுவிட்டேன்.

ஈழத் தமிழர்களிடம் நிலைமை நேர்மாறு. 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாகப் பெருமளவில் வரத் தொடங்கியவர்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்து, பேரப்பிள்ளைகளும் வந்தாயிற்று. டோர்ட்முண்டில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்த அக்கா, "இந்தியாவோ தங்கச்சி? எவடம்?" என்றார். திருச்சி என்றதும், "நான் அங்க ஒரு வருசம் இருந்தனான்" என்று எழுந்தே வந்துவிட்டார். கணவர் டொச்சுக்காரர் (ஜெர்மானியரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) என்று சொன்ன பிறகும் அவர் அடுத்துக் கேட்டது, "நீங்கள் என்ன படிச்சனீங்கள்?" அந்த ஊரில் அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஹம் ஊர்க் காமாட்சி அம்பாள் தேருக்கு என்னை அழைத்துப் போனதும் அவர்தான். ரயிலில் அரை மணிகூட ஆகாது. ஊருக்கு வெளியே ஊந்த்ரொப்பில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் கோபுரம் நிற்கிறது. 2002ல் குடமுழுக்கு நடந்த கோயில். கோடை தொடங்கும்போது நடக்கும் தேருக்கு ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் வரும். தார்ச்சாலையில் தேங்காய் உடைந்து சிதற, காவடிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போக, எங்களோடு வந்திருந்த என் மாமியார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான்தான் அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அன்று அவர் என் பின்னால் நடந்து வந்தார். இது என்ன, அது ஏன் என்று அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன்.

ஆனால் தமிழ் ஒன்று என்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துப் போகக் கூடாது. போரைப் பற்றி நாமாகக் கிளறக் கூடாது, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த காலத்தை நேரில் கண்டவர்களுக்கு "இந்தியா" என்ற சொல்லே வேறு மாதிரி ஒலிக்கும். எனக்கு அது புரியவே ஒரு வருஷம் ஆனது. கலப்புக் கல்யாணம் பற்றியும் வயதானவர்கள் நேரடியாகவே கேட்பார்கள்: "வீட்டில ஓம் எண்டு சொன்னவையோ?" வீட்டில் சம்மதித்தார்களா என்று அர்த்தம். முதலில் சுருக்கென்றது. அப்புறம் பார்த்தால், கேட்டவர்களில் சிலருடைய பிள்ளைகளே இப்போது ஜெர்மானியரைக் கட்டுகிறார்கள். டொச் சம்பந்திகளுக்கு என்ன சமைப்பது, கல்யாணப் பேச்சை எப்படி எடுப்பது என்று அந்த அம்மாக்கள் என்னிடம் கேட்கிறார்கள். அங்கே எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது. என் மகள் அவர்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, கதிரையில இருங்கோ" என்கிறாள். நாற்காலியில் உட்காருங்கள் என்பதற்கு ஈழத்துப் பேச்சு. நான் திருத்துவதில்லை.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பு. இதைக் கூட்டம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எடுக்க வேண்டும். 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் நாட்டின் சட்டம், வரலாறு. கடைசியில் பி-1 தேர்வு, அப்புறம் நாட்டைப் பற்றி 33 கேள்விகள் கொண்ட தேர்வு. என் வகுப்பில் சிரியா, உக்ரைன், மொராக்கோ, தாய்லாந்து என்று பல நாட்டுப் பெண்கள். எங்களுக்குள் பொது மொழி உடைந்த ஜெர்மன் ஒன்றுதான், அதனால் தப்பாகப் பேச யாருக்கும் கூச்சம் இல்லை. கணவரின் ஊர்க்காரர்கள் முன்னால் வாய் திறக்கவே பயந்த நான் இங்கேதான் பேசக் கற்றேன். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம், உண்மைதான். ஆனால் என்னைப்போலவே ஜெர்மானியரைக் கட்டி வந்த தாய்லாந்துத் தோழி இன்றும் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, பாதி பேச்சு புரியாமல் சிரித்துவைக்கும் களைப்பு அவளுக்கு விளக்காமலே புரியும். ஐடி தோழிகளுக்கும் ஈழத்து அக்காக்களுக்கும் அது புரியாது.

நாலாவது, உள்ளூர்க்காரர்களின் சங்கங்கள். பாட்டு, உடற்பயிற்சி, தீயணைப்பு என்று இந்த நாட்டில் எதற்கும் ஒரு சங்கம் உண்டு. கணவரின் பழைய கைப்பந்துக் குழுவில் முதலில் சேர்ந்து பார்த்தேன். எல்லோரும் அன்பானவர்கள்தான், ஆனால் இருபது வருஷக் கதைகளுக்கு நடுவே நான் விருந்தாளி. அதை விட்டுவிட்டு என் பெயரில் தோட்டச் சங்கத்தில் எழுதிவைத்தேன். நகராட்சி நிலத்தைச் சின்னச் சின்னத் தோட்டமாகப் பிரித்துக் குத்தகைக்கு விடும் ஏற்பாடு அது. ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் கட்டும் குடில் 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய சட்டமே இருக்கிறது. காய்கறியும் போட்டாக வேண்டும், வெறும் புல்தரை ஆகாது. இரண்டு வருஷம் காத்திருந்து ஒன்று கிடைத்தது.

பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்கு 74 வயது. முதல் கோடை முழுக்க வேலி ஓரமாக வணக்கம் மட்டும் சொல்வார். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை புல்வெட்டி ஓட்டக் கூடாது என்று ஒரு தடவை கண்டிப்பாகச் சொன்னார். நான் கண்ணாடிக் குடிலில் போட்ட பாகற்காய் காய்த்தபோதுதான் உள்ளே வந்தார். ஒன்றைக் கையில் வாங்கி, முள் முள்ளாக இருந்ததைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, இதை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார். வறுத்துக் கொடுத்தேன். கசப்பை முகம் சுளிக்காமல் தின்றார். மூன்றாவது கோடையில் ஒரு நாள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, இனி நாம் 'டூ' என்றே பேசிக்கொள்ளலாம் என்று தன் முதல் பெயரைச் சொல்லிக் கை நீட்டினார். ஜெர்மனில் 'ஸீ' என்றால் நம் 'நீங்கள்', 'டூ' என்றால் 'நீ'. பெரியவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். அந்த வயதுக்காரரை நீ என்று சொல்ல எனக்கு இரண்டு வாரம் நாக்கு எழவில்லை. என் கணவரை அவர் இன்னமும் 'ஸீ' என்றுதான் கூப்பிடுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது, ஐ.ஏ.எஃப் என்ற கலப்புக் குடும்பங்களின் சங்கம். வெளிநாட்டவரைக் கட்டிய ஜெர்மன் பெண்கள் 1972ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் தொடங்கியது. அப்போது அப்படிக் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்குத் தாய் வழியாக ஜெர்மன் குடியுரிமை வராது, 1975ல்தான் அது மாறியது. சிநேகிதம் தேடி இங்கே போவதைவிட ஆலோசனைக்குப் போவது நல்லது. முக்கியமாக இதற்காக: கணவரோடு மூன்று வருஷம் இங்கே சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் கல்யாணத்தைச் சாராத வசிப்புரிமை கிடைக்கும். வீட்டில் வன்முறை இருந்தால் அந்தக் கணக்கைத் தளர்த்தச் சட்டத்தில் இடம் உண்டு. இது தெரியாமல் சகித்துக்கொண்டு இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். 116016 என்ற பெண்கள் உதவி எண் இரவு பகலாக, இலவசமாக இயங்குகிறது. கணவர் தங்கமானவராக இருந்தாலும் இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதங்களுக்கு ஐடி குழுவைப் போல எதுவும் உதவாது, ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் மறுபடி தனியாக நிற்க வேண்டியிருக்கும். பேச்சு வர வகுப்பு. பிள்ளைக்குத் தமிழும், மனசுக்குக் கோயிலும், நிலைத்து நிற்கும் உறவும் வேண்டுமென்றால் ஈழத்தவர்கள். இந்த ஊர்க்காரியாக ஆவதற்குத் தோட்டம் மாதிரி ஒன்று, அது பழுக்க மூன்று வருஷமாவது பிடிக்கும். ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் நான் ஈழத்தவர்களைத்தான் எடுப்பேன். வேறு நாட்டில் வேரூன்றுவது எப்படி என்று எனக்குச் செய்து காட்டியவர்கள் அவர்கள்தான்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண் போன் செய்தாள். கணவர் பாடும் பாட்டுக் குழுவில் தானும் சேரலாமா என்று கேட்டாள். சேரு, ஆனால் அவர் செவ்வாய்க்கிழமைக் குழுவில் இருந்தால் நீ வியாழக்கிழமைக் குழுவில் சேரு என்றேன்.