பிள்ளைக்குக் கணக்குப் பழக்க ஒரு இரும்புத் தராசு

மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகளுக்காக ராமநாதபுரம் அரண்மனைக் கடைத்தெருவில் இந்தக் கைத்தராசை வாங்கினேன். இரண்டு தட்டு, சங்கிலி, கூடவே 1 கிலோ, 500, 200, 100, 50 கிராம் எடைக்கற்கள். எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய். டிஜிட்டல் தராசு இதைவிட மலிவுதான். ஆனால் அது எண்ணைக் காட்டிவிடும், பிள்ளைக்கு வேலையே இருக்காது.

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிற இறாலை இப்போது அவள்தான் நிறுக்கிறாள். 350 கிராமுக்கு 200, 100, 50 மூன்றையும் வைக்க வேண்டும் என்பது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. 400 கிராம் எடுத்துவைக்கச் சொன்னபோதுதான் திணறினாள். சின்னக் கற்கள் மூன்றையும் கூட்டினால் 350, அதை விட்டால் 500. வைப்பதும் எடுப்பதுமாக இருந்தவளிடம் என் மாமியார், “கல்லை எல்லாம் ஒரே பக்கந்தான் வைக்கணுமாத்தா?” என்றார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 500 கிராம் கல்லை ஒரு தட்டில் வைத்தாள், 100 கிராம் கல்லை இறாலோடு சேர்த்தாள். இறாலை அள்ளிப் போடப் போட முள் நடுவுக்கு வந்தது. “ஐந்நூறுல நூறு போச்சு அப்பத்தா!” என்று கத்தினாள். 450க்கு நான் கேட்கவே இல்லை, அவளே 50 கிராம் கல்லை மாற்றி வைத்துக் காட்டினாள். கிலோ 600 ரூபாய் என்றால் 100 கிராம் 60, 400 கிராம் 240 என்று விலைக்கணக்கும் அதோடு ஒட்டிக்கொண்டது.

நெத்திலியையும் நிறுத்தோம். பச்சையாக 1 கிலோ வைத்து, மாடியில் காயப்போட்டு, சாயங்காலந்தோறும் நிறுத்துக் காலண்டரில் எழுதினாள். கடைசியில் 300 கிராம்கூட இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மீன் வரத்து குறைவு. அப்போது குண்டு மிளகாய், புளி, அரிசி.

குறையும் உண்டு. வெறும் தராசே ஒரு பக்கம் சாய்ந்தது. கடையில் சரிபார்த்துத் தந்திருக்க வேண்டும். லேசான தட்டில் மெல்லிய கம்பி சுற்றிச் சமப்படுத்தினோம். உப்புக்காற்றில் இரும்பு துருவேறுகிறது. மீன் நிறுத்தால் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். 1 கிலோ கல்லைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், காலில் விழுந்தால் நசுக்கிவிடும்.

வாங்குவதாக இருந்தால் கடையிலேயே வெறும் தராசைத் தூக்கிப் பிடித்து முள் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். 20, 10 கிராம் கற்களையும் கேட்டு வாங்குங்கள், எனக்குத் தந்த செட்டில் அவை இல்லை.